பாப்பாவுக்கு வயது எட்டு

‘வாசகர். வயது எட்டு. துறுதுறுப்பானவர். நெருப்பு, கத்தி, வெந்நீர் ஆகியவற்றின் அருகே பெரியவர்கள் துணையுடன் மட்டுமே செல்ல வேண்டும்.’ பதிப்பகத்தின் ஊழியர் பதிவேட்டில் இப்படிக் குறிக்கப்பட்டிருக்கும் நபர், இந்த நிமிடம் ஒரு மேசைக்கு அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊதிய பலூன் ஒன்றைத் தன் நரைத்த தலையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேசைக்கு வெளியே இடமில்லாமல் இல்லை. எதிரில் விரித்திருக்கும் புத்தகத்தில், படத்தில் இருக்கும் சிறுமி மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சிரிக்கிறாள் என்பதால் இவரும் சிரிக்கிறார். முழங்கால் ஒத்துழைக்காததால் அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

“பெரியவங்க யாராவது இருக்கீங்களா?” என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. அடுத்த பக்கத்தில் மெழுகுவர்த்தி.

கணக்கர் எழுந்து போகிறார். இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். தீக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பக்கத்திலேயே நிற்கிறார். காலையில் வீட்டில் மூன்று அடுப்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்டுச் சமைத்து முடித்து வந்த பெண்மணி, அவர் துணையோடு அந்தச் சுடரைப் பயபக்தியாகப் பார்க்கிறார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பாப்பா. வயது ஐம்பத்தொன்று. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தேநீர் கொண்டுவருகிறவர் வாசலிலிருந்தே, “பாப்பாவுக்குச் சர்க்கரை கூடாது, ஞாபகம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வருவார். புதிதாக வந்தவர்கள் குழந்தையைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பதிப்பகம் வெளியிடுவது குழந்தைகளுக்கான அறிவியல் படப்புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஓரிரு வரி, வீட்டில் கிடைக்கிற பொருள்களை வைத்துக் குழந்தை தானே செய்து பார்க்க ஒரு சோதனை. அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது செய்து பார்க்க வேண்டும். படித்தவர்களிடம் கொடுத்தால் எல்லாச் சோதனையும் வெற்றி பெற்றுவிடுகிறது என்பதுதான் பதிப்பகத்தைத் தொடங்கிய முதலாளிக்கு இருந்த தலைவலி. புத்தகத்தில் விட்டுப்போனதையெல்லாம் அவர்கள் சொந்தத் தலையிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிவிடுவார்கள். குழந்தையின் தலையில் அந்தக் கையிருப்பு கிடையாது.

மெய்ப்புத் திருத்த ஆள் தேடியபோது, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காகிதக் கப்பல் செய்யும் பக்கத்தைக் கொடுத்து அதன்படி செய்யச் சொன்னார் முதலாளி. எல்லோரும் கப்பல் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நாலாவது படத்தோடு நின்றுவிட்டார். ஐந்தாவது படத்தில் கட்டைவிரல் தப்பான பக்கத்தில் வரையப்பட்டிருந்தது. அப்படிப் பிடித்தால் மடிப்பு விழவில்லை. விளக்குப் போடும் நேரம்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் செய்யத் தெரியாதாம்மா என்று முதலாளி கேட்டார்.

“நல்லாத் தெரியும் சார். இதைப் பாத்துதான் செய்ய வரல.”

மெய்ப்புத் திருத்தும் வேலை வேறொருவருக்குப் போயிற்று. இவருக்காக முதலாளி ஒரு பதவியை உண்டாக்கினார். அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல், தனக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டுமோ அதையே பதிவேட்டில் எழுதிவைத்தார்.

பாப்பாவின் தொழில் தர்மம் சுருக்கமானது. “படத்துல இருக்கறதைச் செய்வேன். இல்லாததைச் செய்ய மாட்டேன்.” ஒரு புத்தகத்தில் சிறுவன் ஈரப் பஞ்சில் பயறு வைக்கிறான், பக்கத்தைத் திருப்பினால் முளை விட்டிருக்கிறது. பாப்பா பயறு வைத்தார், பக்கத்தைத் திருப்பினார், பஞ்சைப் பார்த்தார். ‘திருப்பினேன். முளைக்கவில்லை’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார். நூலை எழுதிய பேராசிரியர் கொதித்துப் போனார். ‘மூன்று நாள் பொறுத்திரு’ என்ற வரி பிறகு சேர்க்கப்பட்டது. சேர்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் பயறு காய்த்தே இருக்கும்.

நிழல்களைப் பற்றிய புத்தகத்தில் ஓவியர் சூரியனையும் நிழலையும் குச்சிக்கு ஒரே புறத்தில் போட்டுவிட்டார். பாப்பா மொட்டைமாடியில் குச்சியை நட்டு, சுற்றிவந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். ஒரு வாரம் போராடிவிட்டு, ‘சூரியன் ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கை கொடுத்தார். ஓவியருக்கு வருத்தம். நிழல் அந்தப் பக்கம் விழுந்தால் பூனையின் மேல் விழுமே, பார்க்க நன்றாக இருக்காதே என்றார்.

பூனை அவருடைய பலவீனம். எந்தப் படம் போட்டாலும் ஒரு மூலையில் பூனையை உட்கார்த்திவிடுவார். படத்தில் பூனை இருந்தால் பாப்பாவுக்கும் பூனை வேண்டும். கீழ்த்தளத்து அச்சுக்கூடத்தில் திரிந்த ஒன்றை இரவல் வாங்கினார்; அது திரும்பிப் போகிற உத்தேசத்தில் இல்லை. மிதப்பவை, மூழ்குபவை பற்றிய புத்தகத்துக்காக அதைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்தார்கள். பூனை மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது, பறக்கும் என்று அன்றைக்கு அலுவலகமே நேரில் கண்டறிந்தது.

படங்களில் வருகிற தாத்தா எப்போதும் கணக்கர்தான். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அலுவலகத்தில் முழு வழுக்கை அவருக்கு மட்டுமே அமைந்திருந்தது. “நான் கணக்குப் பாக்க வந்தவன்க்கா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிவிட்டு நாற்காலியில் வந்து உட்காருவார். அவருடைய இழுப்பறையில் இரண்டு மாற்றுச் சட்டைகளும் ஒரு துண்டும் உண்டு.

பாப்பாவுக்கு ஒரே ஒரு பயம். ஒரு விஷயம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதகமில்லை. ஏன் நடக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாது. “ஏன்னு தெரிஞ்சுட்டா கை தானாவே சரி பண்ணிக்கும். நமக்கே தெரியாம பண்ணிடும். அப்புறம் தப்பு எப்படி மாட்டும்?” இத்தனை வருடமாக அறிவியல் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அறிவியலைத் தலையில் ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது சாதாரணக் காரியம் இல்லை. விளக்கப் பகுதி வரும்போது பக்கத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொள்வார்.

இதில் வேடிக்கை, அவர் வாழ்க்கைப்பட்டது ஒரு பள்ளி அறிவியல் ஆசிரியருக்கு.

பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் விளக்குகிற மனிதர் வீட்டுக்குள் வந்தால் விளக்கக் கூடாது. அதுதான் அவர்களுடைய உடன்படிக்கை. அடுப்பில் பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடும். பாப்பா கரண்டியும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நிற்பார், தினமும், முதல்முறை பார்ப்பதுபோல. கணவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். வாய் திறக்கும். பாப்பா திரும்பிப் பார்ப்பார். வாய் மூடிக்கொள்ளும். “உங்க வாயால என் வேலை போயிடும், சொல்லிட்டேன்” என்பது அந்த வீட்டில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். ஒரே ஒரு தடவை, பாப்பாவின் அண்ணனைப் பற்றிய சண்டையில், கையில் வேறு ஆயுதம் கிடைக்காமல், அந்த மனிதர் வானவில்லை ஆதியோடந்தமாக விளக்கிவிட்டார். பாப்பா அழுதார். அதற்குப் பிறகு மழை விட்டதும் யாராவது கூப்பிட்டுக் காட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வானவில் புத்தகத்தைச் சோதிக்கும் பொறுப்பு கணக்கரிடம் போனது. முதல் முயற்சியிலேயே அது தேறிவிட்டது. ஆகவே அதில் இன்றைக்கும் ஏகப்பட்ட பிழைகள்.

கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பாப்பாவுக்கும் வேலை போய்விட்டால் இருவரும் நாள் முழுக்க ஒரே வீட்டில். உடன்படிக்கைக்கும் அர்த்தம் இருக்காது. “இத்தனை வருஷமா சேர்த்து வெச்சிருக்காரு தம்பி. எல்லாத்தையும் சொல்லிடுவாரு” என்று கணக்கரிடம் சொல்லிப் புலம்புவார். “அப்புறம் நான் எதைப் பாத்துட்டு நிக்கறது?”

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

முதலாளி ஒதுங்கிக்கொண்ட பிறகு மேலாளர் ஒருவர் வந்தார். முன்பு மெத்தை விற்கும் நிறுவனத்தில் இருந்தவர். எதையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஊழியர் விவரங்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார். எட்டு வயதுக் குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம் என்று கணினி சிவப்பில் எச்சரித்தது. வயதை ஐம்பத்தொன்று என்று திருத்தினார்கள். ஐம்பத்தொரு வயதுக்காரர் எட்டு வயது வாசகர் பதவிக்குத் தகுதியற்றவர் என்றது. மேலாளர் ஒரு பகல் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, பதவி இருக்கட்டும், ஆள்தான் பொருந்தவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

பொருத்தமான ஆள் அவர் வீட்டிலேயே இருந்தது. மகளுக்கு அசல் எட்டு வயது, பள்ளி விடுமுறை. அழைத்துவந்து அலமாரி முன்னால் உட்கார வைத்தார். பெண் கையில் போனோடு உட்கார்ந்து, புத்தகம் புத்தகமாக ஓரக்கண்ணால் பார்த்தாள். “இது தெரியும். இதுவும் தெரியும். இதை வீடியோல பாத்துட்டேன்.” எதையும் தொடவில்லை. மத்தியானத்துக்குள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கத் தேறிவிட்டது என்று அப்பாவுக்குப் பெருமை. பாப்பா அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பாவம், இந்த வயசுலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

அதே நேரத்தில் ஒரு புத்தகம் அச்சுக்குப் போக முடியாமல் நின்றது. காரணம், கண்ணாடி டம்ளர். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாயில் ஒரு அட்டையை வைத்து, அட்டையைக் கையால் அழுத்திக்கொண்டு தலைகீழாகக் கவிழ்த்து, பிறகு கையை எடுத்தால் அட்டை விழாது, தண்ணீரும் கொட்டாது. படத்தில் ஒரு சிறுமி அதைத் தாத்தாவின் தலைக்கு நேர் மேலே பிடித்திருக்கிறாள். தாத்தா ஒன்றும் அறியாமல் செய்தித்தாள் படிக்கிறார். அழகான படம். சிக்கல் டம்ளரில். ஓவியர் வரைந்திருந்த டம்ளரின் விளிம்பு பூவிதழ் மாதிரி மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போனது. பாப்பா கடை கடையாக ஏறி இறங்கி அச்சு அசலாக அதே மாதிரி ஒரு டம்ளரை வாங்கி வந்தார். கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்கர் நனைந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி நனைந்தார். இரண்டு மாற்றுச் சட்டைகளும் தீர்ந்தன.

நேர் விளிம்பு டம்ளராக மாற்றி வரைந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஓவியர் அசையவில்லை. அந்த வளைவில்தான் படத்தின் உயிரே இருக்கிறதாம். அவர் வீட்டில் செய்து பார்த்தாரா என்று பாப்பா ஒருமுறை கேட்டார். “நான் வரையறவன்மா. கவுக்கறவன் இல்ல” என்று பதில் வந்தது. மேலாளருக்கோ எல்லாம் ஒரே மூச்சில் தெளிவாகிவிட்டது: இந்தப் புத்தகத்தை எழுதியவரும் ஒரு பேராசிரியர், அவர் எழுதியது தப்பாக இருக்க முடியாது, தன் மகளும் இதை வீடியோவில் பார்த்திருக்கிறாள், ஆகவே குற்றம் பாப்பாவின் கையில்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் சோதனை என்று அறிவித்தார். தண்ணீர் கொட்டாவிட்டால், இத்தனை நாளாகப் புத்தகத்தை நிறுத்தி வைத்தது பாப்பாவின் கை என்று ஆகும், வேலை போகும். கொட்டி, ஏன் கொட்டுகிறது என்று பாப்பா விளக்கமும் சொல்லிவிட்டால், அவர் எட்டு வயதுக்காரர் இல்லை என்று ஆகும். அப்போதும் வேலை போகும். கொட்ட வேண்டும், ஏன் என்று தெரியவும் கூடாது. அதுதான் ஒரே வழி. ஓர் ஊழியர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது அந்த அலுவலகத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் அது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

பாப்பா கவலைப்படவில்லை. தனக்குத் தெரியாது என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது.

காலையில் சீக்கிரமே வந்து டம்ளரைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றாமல் அட்டையை மட்டும் வாயில் வைத்து, சரியாக உட்காருகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெயில் நேராக அடித்தது. அட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில், வளைவுக்கு ஒன்றாக, சின்னச் சின்ன வெளிச்சத் துண்டுகள் தெரிந்தன. பாப்பா பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் சொல்லவில்லை, எதையும் படிக்கவில்லை; அழையா விருந்தாளி மாதிரி அது தானாகவே தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அட்டையைப் போட்டு மறைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

கணக்கர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். தொடர்ந்து நனைந்ததில் சளி பிடித்திருந்தது. பாப்பாவின் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“தெரிஞ்சுபோச்சு தம்பி.”

“என்னக்கா தெரிஞ்சுபோச்சு?”

“ஏன்னு.”

கணக்கர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, யாரிடமும் மூச்சு விட வேண்டாம், கேட்டால் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருடம் சொன்னதுதானே என்றார். அப்போதெல்லாம் அது உண்மை என்றார் பாப்பா.

பதினொரு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். தாத்தாவாக உட்காரக் கணக்கர் மறுத்துவிட்டார். தும்மினால் படம் கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். மேலாளர் தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். அவர் தலை இன்னும் முழு வழுக்கையாகிவிடவில்லை. போகிற பாதை தெரிந்தது. பாப்பா படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். மகள் மடியில் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள், வரிகளைப் படித்துச் சொல்வதற்காக. புத்தகத்தின் மேல் போன் இருந்தது. ஓவியர் டம்ளரின் விளிம்பை ரசித்துக்கொண்டு நின்றார். பூனை தன் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

பாப்பா தண்ணீர் ஊற்றினார். அட்டையை வைத்தார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மேலாளரின் தலைக்கு நேர் மேலே கவிழ்த்தார். இரண்டு சொட்டு செய்தித்தாளில் விழுந்தது.

“இப்ப சொல்லுங்க,” என்றார் மேலாளர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “கையை எடுத்தா கொட்டுமா, கொட்டாதா?”

“கொட்டும்.”

“விழாதுப்பா. நான் பாத்திருக்கேன்” என்றாள் மகள், போனைப் பார்த்தபடியே.

“கொட்டும்னே வெச்சுப்போம். ஏன் கொட்டும்?”

கணக்கர் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். பாப்பா அவரைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

“விளிம்பு வளைஞ்சிருக்கு. அட்டை ஒட்டி உட்காரல. சந்து வழியா காத்து உள்ள போகுது, தண்ணி வெளிய வருது.”

மேலாளர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்போ உங்களுக்குத் தெரியும். எட்டு வயசுக்காரங்களுக்கு இது தெரியாது. ஒத்துக்கறீங்களா?”

“தெரிஞ்சது நிஜம்தான் சார்.”

மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள். வீடியோவில் வந்த டம்ளரின் விளிம்பு எப்படி இருந்தது என்று யோசிக்கிறவள்போல டம்ளரைப் பார்த்தாள். அப்பாவின் தலையைப் பார்த்தாள். போன் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அவள் குனியவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்கு இரட்டைப் பாதுகாப்பு இருந்தது. மகளின் கூற்றுப்படி தண்ணீர் கொட்டாது. பாப்பாவின் கூற்றுப்படி கொட்டும். கொட்டும் என்று தெரிந்திருக்கிற, ஐம்பத்தொரு வயதான, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஒரு குடும்பத்தலைவி மேலாளரின் தலைக்கு மேல் கையை எடுக்க மாட்டார். அவர் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். சோதனை முடிந்தது, டம்ளரைக் கீழே வைத்துவிடலாம் என்றார்.

“படத்துல கீழ வைக்கல சார்” என்றார் பாப்பா.

கணக்கர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாப்பா அந்தப் பெண்ணிடம், அடுத்த வரி என்ன கண்ணு என்று கேட்டார்.

அவள் வரியின் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்போல நிதானமாகப் படித்தாள்.

“‘இப்போது... கையை... மெல்ல எடு.’”

பாப்பா கையை எடுத்தார்.